பெரிய டயர் போட்டால் இழுவை கூடுமா?
கியரைப் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும்

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் சிறு விவசாயிகள் பலர் பழைய டிராக்டர் ஒன்றை வாங்கி, சொந்தக் கழனியை உழுவதுடன் அக்கம்பக்கத்து நிலங்களுக்கும் வாடகைக்கு ஓட்டி வருகின்றனர். மணிலாக் கொல்லை உழவு, சம்பா நடவுக்குச் சேடை ஓட்டுதல், சவுக்குக் கட்டையும் கரும்பும் ஏற்றிச் செல்லுதல் என எல்லா வேலையும் அந்த ஒரே வண்டியில்தான் நடக்கிறது. இப்படிப்பட்ட வண்டியில் பின் டயர் தேய்ந்து மாற்ற வேண்டிய நேரம் வரும்போது, "ஒரு சைஸ் பெரியதாகப் போட்டுவிடுங்கள், சேற்றில் அழுந்தாது, இழுவையும் கூடும்" என்று யோசனை சொல்பவர்கள் உண்டு.

இந்த யோசனையில் பாதி சரி, பாதி தவறு. பெரிய டயர் சேற்றில் குறைவாக அழுந்தும் என்பது உண்மை. ஆனால் என்ஜினின் இழுவைச் சக்தி அதனால் கூடாது; குறையும். குறைந்ததை ஈடுகட்ட வண்டியில் இன்னும் கீழான கியர் ஒன்று மிச்சம் இருந்தால் கவலையில்லை. இல்லையென்றால் கிளட்ச் கருகுவதும், பருவத்தில் வண்டி பட்டறையில் நிற்பதும்தான் மிஞ்சும். ஆகவே டயர் கடைக்குப் போகும் முன் கியரைப் பற்றி யோசிப்பது அவசியம்.

கட்டை வண்டிச் சக்கரமும் டிராக்டர் சக்கரமும்

சக்கரம் பெரிதானால் வண்டி சுலபமாக ஓடும் என்ற எண்ணம் கட்டை வண்டியிலிருந்து வந்தது. மாட்டு வண்டிக்கு அது முற்றிலும் சரி. பெரிய சக்கரம் பள்ளத்தையும் கல்லையும் எளிதில் ஏறிக் கடக்கும். ஆனால் மாட்டு வண்டியில் மாடு முன்னால் நின்று இழுக்கிறது. சக்கரம் வெறுமனே உருண்டு வருகிறது.

டிராக்டரில் நிலைமை வேறு. என்ஜின் அச்சைத் திருகுகிறது; அச்சு சக்கரத்தைத் திருகுகிறது; சக்கரம் மண்ணைப் பின்னுக்குத் தள்ளி வண்டியை முன்னே நகர்த்துகிறது. அச்சின் நடுவிலிருந்து மண் வரை உள்ள தூரம் கூடக் கூட, அதே திருகு விசையில் மண்ணைத் தள்ளும் பலம் குறையும். சைக்கிளில் பின் பல்சக்கரத்தைச் சிறியதாக மாற்றினால் ஒரு மிதிக்கு அதிக தூரம் போகலாம். ஆனால் மேட்டில் மிதிக்க முடியாது. டிராக்டருக்குப் பெரிய டயர் போடுவதும் இதைப் போன்றதே. எல்லாக் கியர்களும் ஒரே நேரத்தில் சற்று மேலே ஏறிவிடுகின்றன.

கணக்கு என்ன சொல்கிறது?

டயரின் மீது எழுதியுள்ள 12.4-28 என்ற எண்ணில் முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது எண் ரிம்மின் குறுக்களவு. இரண்டும் அங்குலக் கணக்கு. 12.4-28 டயரை எடுத்துவிட்டு 13.6-28 போட்டால் ரிம்மின் குறுக்களவு மாறாது. ஆனால் டயர் அகலமாவதுடன் உயரமும் ஆகிறது. இந்த ஒரு படியில் சுற்றளவு ஏறக்குறைய 4 சதவீதம் கூடும். 14.9-28 வரை இரண்டு படி தாண்டினால் ஏறக்குறைய 8 சதவீதம் கூடும்.

சரியான அளவை விவசாயிகள் தாங்களே எடுத்துக்கொள்ளலாம். சமதரையில் டயரின் அடியில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, தரையிலும் அதே இடத்தில் குறியிட வேண்டும். வண்டியை மெதுவாக நகர்த்தி, டயர் ஒரு முழுச் சுற்று வந்ததும் மறுபடி தரையில் குறியிட்டு, இரு குறிகளுக்கும் இடையிலுள்ள தூரத்தை அளக்க வேண்டும். பாரம் தாங்கி ஓடும் டயரின் உண்மையான சுற்றளவு இதுவே.

உதாரணமாகப் பழைய டயர் ஒரு சுற்றுக்கு 380 செ.மீ., புதிய டயர் 410 செ.மீ. ஓடுவதாக வைத்துக்கொள்வோம். என்ஜின் நிமிடத்துக்கு 2000 சுற்றும்போது லோ 1 கியரில் சக்கரம் 10 சுற்றுச் சுற்றுகிறது. அதாவது என்ஜின் 200 சுற்றுக்குச் சக்கரம் ஒரு சுற்று. பழைய டயரில் வண்டி நிமிடத்துக்கு 38 மீட்டர், மணிக்கு 2.28 கி.மீ. போகும். புதிய டயரில் நிமிடத்துக்கு 41 மீட்டர், மணிக்கு 2.46 கி.மீ. போகும். வேகம் கூடிய அதே விகிதத்தில் இழுவை குறையும். பழைய டயரில் 1000 கிலோ விசையுடன் இழுத்த வண்டி, அதே கியரில் புதிய டயரில் 927 கிலோ விசையுடன்தான் இழுக்கும். பழைய இழுவை திரும்பக் கிடைக்க வேண்டுமானால் என்ஜின் 216 சுற்றுக்குச் சக்கரம் ஒரு சுற்று என்று கியர் அமைய வேண்டும். அப்படி ஒரு கியர் வண்டியில் இருக்கிறதா என்பதே கேள்வி.

என்ஜின் திணறுகிறதா, சக்கரம் சுழல்கிறதா?

வேலை நடுவில் வண்டி நின்றுபோவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. இரண்டும் வெவ்வேறு நோய்கள், மருந்தும் வெவ்வேறு.

முதலாவது, என்ஜின் இரைந்து, கரும்புகை தள்ளி, சுற்று குறைந்து அணைந்துபோவது. சக்கரம் மண்ணை நன்றாகப் பிடித்திருக்கிறது. திருகு விசைதான் போதவில்லை. பாரம் ஏற்றிய டிரெய்லர் கழனியிலிருந்து சாலை மேட்டில் ஏறும்போதும், இறுகிய காய்ந்த கொல்லையைக் கல்டிவேட்டரால் ஆழமாக உழும்போதும் இது நேரும். இதற்கு மருந்து கீழான கியர். இந்த நிலையில் பெரிய டயர் போட்டால் நோய் முற்றும்.

இரண்டாவது, என்ஜின் தாராளமாக ஓட, சக்கரம் மட்டும் நின்ற இடத்திலேயே சுழன்று குழி தோண்டுவது. விசை இருக்கிறது, பிடிப்பு இல்லை. ஈரக் களிமண்ணிலும் சேற்றிலும் இது நேரும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெங்கல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை பதிவாயிற்று. அத்தகைய பெருமழைக்குப் பின் தாழ்வான கழனிகளில் மண் பல நாட்கள் இளகியே இருக்கும். அங்கே பெரிய டயர் உதவும். அதிகப் பரப்பில் பாரத்தைப் பரப்புவதால் குறைவாக அழுந்தும். மண்ணையும் நீளமாகப் பிடிக்கும்.

எந்த நோய் என்பதில் சந்தேகம் இருந்தால் வழுக்கலை அளந்து பார்க்கலாம். கலப்பையைத் தூக்கிய நிலையில் பின் சக்கரம் 10 சுற்றுச் சுற்ற எத்தனை மீட்டர் போகிறது என்று அதே நிலத்தில் அளக்க வேண்டும். பிறகு கலப்பையை இறக்கி உழுதபடி 10 சுற்றுக்கு அளக்க வேண்டும். முதல் அளவு 38 மீட்டர், இரண்டாவது 32 மீட்டர் என்றால் 6 மீட்டர் வழுக்கலில் போயிருக்கிறது. இது ஏறக்குறைய 16 சதவீதம். உழவில் 10 முதல் 15 சதவீதம் வரை வழுக்கல் இயல்பானது. அதற்கு மேல் போனால் பிடிப்புக் குறைவு. டீசலும் டயரும் வீணாகின்றன. வழுக்கல் குறைவாக இருந்தும் வண்டி திணறினால் குறை டயரில் இல்லை, கியரில் இருக்கிறது.

கீழே ஒரு கியர் மிச்சம் உண்டா?

டிராக்டரில் ஹை-லோ லிவர் ஒன்றும், கியர் லிவர் ஒன்றும் இருக்கும். 8 முன் கியர் உள்ள வண்டியில் லோவில் நான்கு, ஹையில் நான்கு. அடுத்தடுத்த கியர்களுக்கு இடையே உள்ள வித்தியாசம், டயர் மாற்றத்தால் வரும் 4 அல்லது 8 சதவீதத்தை விடப் பல மடங்கு பெரியது. முன் சொன்ன வண்டியில் லோ 1-ல் மணிக்கு 2.28 கி.மீ. என்றால், லோ 2-ல் அதைப் போல ஒன்றரை மடங்கு, அதாவது சுமார் 3.4 கி.மீ. என்று கொள்ளலாம்.

இதிலிருந்து ஓர் எளிய விதி கிடைக்கிறது. இப்போது மிகக் கடினமான வேலையை லோ 2-ல் செய்து வருபவர், பெரிய டயர் போட்ட பிறகு லோ 1-க்கு இறங்கிக்கொள்ளலாம். அவருக்குப் பழையதை விட இழுவை அதிகமாகவே கிடைக்கும். ஆனால் இப்போதே லோ 1-ல் தட்டுத் தடுமாறி ஏறுபவருக்கு இறங்க இடமில்லை. அவர் பெரிய டயர் போடக் கூடாது.

இறங்கிக்கொள்வதற்கும் ஒரு விலை உண்டு. 5 அடி ரோட்டாவேட்டர் ஒரு நடைக்கு ஒன்றரை மீட்டர் அகலம் உழும். லோ 2-ல் மணிக்கு 3.4 கி.மீ. வேகத்தில் ஓர் ஏக்கருக்கு, திரும்பும் நேரம் நீங்கலாக, சுமார் 48 நிமிடம் ஆகும். பெரிய டயருடன் லோ 1-ல் 2.46 கி.மீ. வேகத்தில் சுமார் 66 நிமிடம் ஆகும். ஏக்கர் கணக்கில் வாடகை வாங்குபவருக்கு ஏக்கருக்கு 18 நிமிடம் நஷ்டம். மணிக் கணக்கில் வாடகை கொடுப்பவருக்குக் கைக்காசு நஷ்டம். பெரிய டயரால் வரும் நன்மை இந்த நேரத்தை விடப் பெரியதா என்று அவரவர் நிலத்தை வைத்துத்தான் சொல்ல முடியும்.

ஆக்ஸிலேட்டரைக் குறைத்தால் போதாதா?

வேகம் கூடிவிட்டால் ஆக்ஸிலேட்டரைக் குறைத்து ஓட்டிக்கொள்ளலாமே என்று சிலர் நினைக்கலாம். வேகம் குறையும் என்பது சரி. ஆனால் சக்கரத்துக்குப் போகும் திருகு விசை கியர் மாறாமல் பெரிதாகக் கூடாது. சுற்று மிகவும் குறைந்தால் என்ஜின் அணைந்துபோகும். கிளட்சைப் பாதி மிதித்தபடி மேடு ஏற்றுவது அதைவிடக் கெட்ட பழக்கம். கிளட்ச் தட்டு கருகுவது பெரும்பாலும் இதனால்தான்.

ரோட்டாவேட்டர் ஓட்டும்போது இன்னொரு சங்கடமும் உண்டு. ரோட்டாவேட்டரைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று என்ற கணக்கில் அமைந்தது. அது என்ஜினைப் பொறுத்தது, டயரைப் பொறுத்ததன்று. டயர் பெரிதானால் கத்தி அதே வேகத்தில் சுழல, வண்டி மட்டும் வேகமாக முன்னே போகும். கத்தித் தண்டு நிமிடத்துக்கு 200 சுற்றுச் சுற்றுகிறது என்றால், முன் சொன்ன பழைய டயரில் லோ 1-ல் ஒரு சுற்றுக்கு வண்டி 19 செ.மீ. நகரும். அந்தத் தூரத்தை ஒரு பக்கத்து மூன்று கத்திகள் பங்கிட்டு வெட்டினால் ஒவ்வொரு வெட்டும் 6.3 செ.மீ. கனம் இருக்கும். புதிய டயரில் 6.8 செ.மீ. ஆகும். லோ 2-ல் ஓட்டினால் 9 செ.மீ.க்கு மேல் போகும். வெட்டின் கனம் கூடினால் கட்டி பெரிதாகும். என்ஜின் மீது சுமையும் கூடும். ஆக்ஸிலேட்டரைக் குறைத்தால் வண்டியும் கத்தியும் சேர்ந்தே மெதுவாவதால் வெட்டின் கனம் குறையாது. மண் பொலபொலப்பாக வர வேண்டுமானால் பி.டி.ஓ. வேகம் சரியாக இருந்து, கியர் மட்டும் கீழே இறங்க வேண்டும்.

ஜீப்பில் கற்ற பாடம்

சேற்றிலும் மேட்டிலும் ஓட வேண்டிய வண்டிக்குக் கீழ் கியர் தேவை என்பது ஜீப் தயாரித்தவர்கள் ஆரம்பத்திலேயே உணர்ந்த விஷயம். இரண்டாம் உலகப் போர்க் காலத்து அமெரிக்க ராணுவ ஜீப்பில் 6.00-16 அளவுள்ள சிறிய டயர்தான் இருந்தது. ஆனால் வழக்கமான கியர் பெட்டிக்குப் பின்னால் இன்னொரு சிறு பெட்டி வைத்து, ஒரு லிவரைத் தள்ளினால் எல்லாக் கியர்களும் ஏறக்குறைய பாதி வேகத்துக்கு இறங்கும்படி செய்திருந்தார்கள். அந்தச் சிறிய வண்டி சேற்றைக் கடந்ததற்கு நான்கு சக்கர இழுவையோடு இந்த இறக்கு கியரும் காரணம். பிற்காலத்தில் மகிந்திரா நிறுவனம் நம் நாட்டில் தயாரித்த ஜீப்களிலும் இதே அமைப்பு இருந்தது. பழைய ஜீப் வாங்கித் தோட்ட வேலைக்கு வைத்துக்கொண்டு 7.50-16 போன்ற பெரிய டயர் போடுபவர்கள், அந்த இறக்கு லிவர் வேலை செய்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். டிராக்டரின் ஹை-லோ லிவர் செய்வதும் இதே வேலைதான்.

நான்கு சக்கர இழுவை டிராக்டரில் கவனம்

இப்போது சிறிய டிராக்டர்களிலும் நான்கு சக்கர இழுவை வந்துவிட்டது. இவற்றில் முன் டயரும் பின் டயரும் அளவில் வேறாக இருந்தாலும், இரண்டும் ஏறக்குறைய ஒரே தூரம் ஓடும்படி, முன் டயர் மட்டும் மிகச் சிறிது கூடுதலாக ஓடும்படி உள்ளே பல்சக்கரங்கள் கணக்கிட்டு வைக்கப்பட்டுள்ளன. இந்தக் கூடுதல் பொதுவாக 1 முதல் 5 சதவீதம்தான். பின் டயரை மட்டும் 8 சதவீதம் பெரிதாக்கினால் கணக்கு தலைகீழாகிவிடும். பின் சக்கரம் தள்ள, முன் சக்கரம் தடுக்கும். முன் டயர் வேகமாகத் தேய்வதோடு, முன் அச்சின் பற்சக்கரங்களும் உடையலாம். ஆகவே இத்தகைய வண்டிகளில் முன்னும் பின்னும் நிறுவனத்தின் கையேட்டில் சொல்லியுள்ள ஜோடியாகவே டயர்களை மாற்ற வேண்டும்.

செலவு குறைந்த வழிகள்

பிடிப்புக் குறைவுதான் நோய் என்று தெரிந்தாலும், உடனே பெரிய டயருக்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. கீழ்க்கண்டவற்றை முதலில் செய்து பார்க்கலாம்.

காற்று: சாலையில் ஓட்டும் அழுத்தத்திலேயே வயலிலும் ஓட்டுவது தவறு. பின் டயருக்கு வயலில் பொதுவாக 12 முதல் 14 பவுண்டு போதும். பாரம் ஏற்றிச் சாலையில் போகும்போது 18 முதல் 20 பவுண்டு தேவைப்படலாம். கையேட்டில் உள்ள அளவே இறுதியானது. காற்றைக் குறைத்தால் டயர் மண்ணில் நீளமாகப் படிந்து பிடிக்கும்; சுற்றளவு கூடாது.

எடை: காய்ந்த நில உழவுக்கும் டிரெய்லருக்கும் பின் டயரில் முக்கால் பாகம் தண்ணீர் நிரப்பலாம். வால்வு மேலே இருக்கும்படி சக்கரத்தை நிறுத்தி நிரப்பி, மீதி இடத்தில் காற்று பிடிக்க வேண்டும். சேடை ஓட்டும் காலத்தில் இந்த எடை வண்டியை அழுத்தும். ஆகவே தண்ணீரை வெளியேற்றிவிட வேண்டும்.

கேஜ் வீல்: சேற்றுக் கழனியில் டயரை விடச் சிறந்தது கேஜ் வீல். டயரோடு சேர்த்து மாட்டும் அரை கேஜ் வீல் பெரும்பாலான சிறு விவசாயிகளுக்குப் போதும். டயரைக் கழற்றிவிட்டு மாட்டும் முழு கேஜ் வீலின் குறுக்களவு டயரை விடப் பெரிதாக இருந்தால், மேலே சொன்ன கியர்க் கணக்கு அதற்கும் பொருந்தும். பட்டறையில் செய்யச் சொல்லும்போது டயரின் அளவைக் கொடுத்துச் செய்ய வேண்டும். கேஜ் வீலுடன் தார்ச் சாலையில் ஓட்டக் கூடாது.

டிஃப்ரன்ஷியல் லாக்: ஒரு பக்கச் சக்கரம் மட்டும் சுழலும்போது இதை மிதித்தால் இரு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். நேராகப் போகும்போது மட்டுமே பயன்படுத்த வேண்டும். திரும்பும் முன் விட்டுவிட வேண்டும்.

உயிருக்கு ஆபத்து

கியரைக் கீழே இறக்கும்போது அச்சின் திருகு விசை அதிகம் என்பதை மறக்கக் கூடாது. சேற்றில் சிக்கிய சக்கரத்தில் கட்டை கட்டி, லோ 1-ல் போட்டு, கிளட்சைத் திடீரென விட்டால் சக்கரம் திரும்ப முடியாமல் வண்டியின் முன்பக்கம் மேலே எழும்பி, ஓட்டுபவர் மீதே மல்லாந்து விழக்கூடும். கட்டை கட்டும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். கலப்பையைக் கழற்றி, சக்கரத்தின் பின்புறச் சேற்றை வாரி, ரிவர்ஸ் கியரில் மெதுவாக வெளியேற முயல வேண்டும். முடியாவிட்டால் இன்னொரு வண்டியால் இழுக்கச் செய்ய வேண்டும். டிரெய்லரையும் சங்கிலியையும் எப்போதும் பின் அச்சுக்குக் கீழே உள்ள கொக்கியில்தான் மாட்ட வேண்டும். பெரிய டயர் வண்டியின் பின்பக்கத்தை உயர்த்துவதால் வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் சாயும் அபாயம் கூடும். பிரேக்கும் முன்னை விட அழுத்தி மிதிக்க வேண்டியிருக்கும்.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை

பெரிய டயர் வாங்க நினைக்கும் விவசாயி ஐந்து விஷயங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கடினமான வேலையை இப்போது எந்தக் கியரில் செய்கிறோம்? வண்டி நிற்பது என்ஜின் திணறியா, சக்கரம் சுழன்றா? புதிய டயர் ஒரு சுற்றுக்கு எத்தனை சதவீதம் கூடுதலாக ஓடும்? ரிம்மின் அகலம் புதிய டயருக்குப் பொருந்துமா, மட்கார்டிலும் கலப்பைக் கம்பிகளிலும் டயர் உரசாதா? அந்த அளவு கையேட்டில் அனுமதிக்கப்பட்டதா? ஒன்றுக்காவது பதில் சாதகமாக இல்லையென்றால் பழைய அளவிலேயே புது டயர் போடுவது நல்லது.

புதிதாகவோ பழையதாகவோ டிராக்டர் வாங்குபவர்கள் குதிரைத்திறனை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடுகின்றனர். லோ 1-ல் மணிக்கு எத்தனை கி.மீ. போகும் என்பதையும் கேட்க வேண்டும். சேடையும் ரோட்டாவேட்டரும் முக்கிய வேலையாக உள்ளவர்களுக்கு 2.5 கி.மீ.க்குக் குறைவான வேகம் கிடைக்கும் வண்டி ஏற்றது. சில மாடல்களில் கிரீப்பர் என்னும் மிக மெதுவான கியர் தனியாக வருகிறது. வாங்கிய பின் உள்ளே பல்சக்கரங்களை மாற்றுவது செலவு மிகுந்த வேலை; வாங்கும்போதே பார்த்து எடுப்பதற்குச் செலவு ஏதுமில்லை.

டயர் அளவு, கேஜ் வீல், கருவிப் பொருத்தம் ஆகியவற்றில் சந்தேகம் உள்ள விவசாயிகள் வேளாண்மைப் பொறியியல் துறையின் விழுப்புரம் மாவட்ட அலுவலகத்தையோ, திண்டிவனத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகலாம். போகும்போது வண்டியின் கையேட்டையும், சுண்ணாம்புக் கோடு போட்டு அளந்த டயர்ச் சுற்றளவையும் குறித்து எடுத்துச் சென்றால் சரியான ஆலோசனை பெற உதவியாக இருக்கும். சம்பா பருவ வேலை தொடங்கும் முன்பே இதை முடித்துக்கொண்டால், நடவு நேரத்தில் வண்டி பட்டறையில் நிற்கும் இழப்பைத் தவிர்க்கலாம்.